மான்செஸ்டரில் ஓர் ஓணானுக்கு வீடு

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்று கத்தியவன் கதை நமக்கெல்லாம் தெரியும். இங்கிலாந்தில் ஓணானைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி செய்து, அதற்குள் விளக்கு, தெர்மோஸ்டாட், டைமர் எல்லாம் மாட்டி, வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்து வளர்க்கிறார்கள். மகன் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து, "அங்க பொழுது எப்படிப் போச்சுங்க?" என்று கேட்கிற நண்பர்களுக்கெல்லாம், "ஒரு ஓணானுக்கு வீடு சரிபண்ணிக் குடுத்தனுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான். கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

நம் கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள். மகன் குடியிருப்பது நிஜ மான்செஸ்டர் பக்கத்தில். நூற்பாலையில் 31 வருடம் ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சூடு, ஈரம், காற்று இந்த மூன்றோடு மல்லுக்கட்டியே சம்பளம் வாங்கியவன். அதனால்தான் பேரன் அந்தப் பெட்டியைக் காட்டி, "தாத்தா, இதைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று கேட்டபோது எனக்கும் ஓர் ஆசை வந்தது.

அந்தப் பிராணிக்கு பியர்டட் டிராகன் என்று பெயர். தாடி ஓணான் என்று வைத்துக்கொள்ளலாம். கோபம் வந்தால் தொண்டைக்குக் கீழே உள்ள முள் முள்ளான தோலை உப்பவைத்துக் கறுப்பாக்கிக்கொள்ளும். தாடி வைத்த மாதிரி இருக்கும். நம் வேலி ஓணானும் இதுவும் விலங்கியல் கணக்கில் ஒரே குடும்பம். இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பூமி. அந்த நாடு தன் காட்டுப் பிராணிகளை வியாபாரத்துக்காக உயிரோடு வெளியே அனுப்புவதில்லை. ஐரோப்பாவில் விற்பவையெல்லாம் கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த தலைமுறைகள். ஆனால் எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் உடம்பு அந்த வெயிலைத்தான் கேட்கும். 53 டிகிரி வடக்கில், டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிற ஊரில், அந்த வெயிலுக்கு எங்கே போவது? அதற்குத்தான் இந்தப் பெட்டி.

பேரனுக்கு இது புதிதாக வாங்கியதல்ல. மகனோடு வேலை செய்யும் ஒருவர் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது. பெயர் ரெக்ஸ். லத்தீனில் ராஜா என்று அர்த்தமாம். என் மனைவி முதல் நாளே "ராசா" என்று மாற்றிவிட்டாள். மூன்று வயது இருக்கலாம். நான் போய்ச் சேர்ந்தபோது ராசா சரியில்லை. சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பின்னங்கால் விரல்கள் அவ்வப்போது வெடுக் வெடுக்கென்று துடிக்கும். நடக்கும்போது வயிறு தரையில் தேயும்.

ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். தாடையை மெதுவாக அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் கால்சியம் குறைந்துகொண்டே போகிறது. தாடை இன்னும் வளையவில்லை, வளைந்துவிட்டால் பிறகு நிமிராது என்றார். கால்சியம் மருந்து எழுதிக் கொடுத்தார். அதோடு, "மருந்து பாதிதான். அது வாழ்கிற பெட்டி சரியாக இருந்தால்தான் மீதி. ஆறு வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்றும் சொன்னார். அவர் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. கால்சியம் வயிற்றுக்குள் போனால் மட்டும் போதாது. அதை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். டி3 தோலில் உண்டாக, வெயிலில் இருக்கிற யு.வி.பி கதிர் வேண்டும். அந்தக் கதிர் தோலில் முதலில் உண்டாக்குவது டி3 அல்ல, அதற்கு முந்தைய ஒரு பொருள். அது டி3 ஆக மாறுவதற்கு உடம்பில் சூடு வேண்டும். சாப்பிட்டது செரிக்கவும் சூடு வேண்டும். ஒன்றில்லாமல் ஒன்று நடக்காது.

வீட்டுக்கு வந்து பெட்டியை நிதானமாகப் பார்த்தேன். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். மரப்பெட்டி; முன்னால் மட்டும் தள்ளுகிற கண்ணாடிக் கதவு. அளவிலும் செய்நேர்த்தியிலும் குறையே இல்லை. உள்ளே மட்டும் எல்லாம் கோணல். நடுவில் ஒரு சூடு பல்பு. யு.வி டியூப் என்று ஒன்று மேல்பக்கம் கம்பிவலைக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. பின்பலகையில் காற்றுக்காக வைத்திருந்த நான்கு சல்லடைத் துவாரங்களையும் பார்சல் ஒட்டுகிற டேப்பால் மூடியிருந்தார்கள். சூடு வெளியே போய்விடக் கூடாதாம். கண்ணாடியின் உள்பக்கம் காலையில் பனி பூத்திருக்கும். எந்த மூலையில் தெர்மாமீட்டர் வைத்தாலும் 31, 32 டிகிரி காட்டியது.

முன்பு வளர்த்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குளிர்நாட்டில் ஒரு வெயில்நாட்டுப் பிராணிக்குக் குளிரக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். ஆனால் அந்தப் பெட்டியில் ராசாவுக்குப் போக்கிடம் இல்லை. இந்த மூலைக்குப் போனாலும் 32, அந்த மூலைக்குப் போனாலும் 32. அதன் உடம்பு 35 டிகிரி பக்கம் ஏறினால்தான் சாப்பிட்டதைச் செரிக்க முடியும். அதற்குச் சூடு போதாது. இளைப்பாற 24, 25 வேண்டும். அதற்கும் இடம் இல்லை.

ஊர்வன குளிர் ரத்தப் பிராணிகள், சுற்றுப்புறச் சூடுதான் அவற்றின் சூடு என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதிதான் உண்மை. 1944-இல் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இரு அமெரிக்கர்கள், பாலைவனத்துப் பல்லி, ஓணான், பாம்புகளின் உடம்புச் சூட்டை அளந்து எழுதினார்கள். வெளியே சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாலும், நடமாடுகிற நேரத்தில் அவற்றின் உடம்புச் சூடு ஒரு குறுகிய அளவுக்குள்ளேயே நிற்கிறது. எப்படி? வெயிலுக்கு வரும், நிழலுக்குப் போகும், பாறைமேல் படுக்கும், வளைக்குள் நுழையும். நமக்கு உள்ளே அடுப்பு. அதற்குக் கால்தான் அடுப்பு. நடந்து நடந்தே உடம்பைச் சரியான சூட்டில் வைத்துக்கொள்கிறது.

இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. டெசர்ட் இகுவானா என்ற ஓணானுக்குக் கிருமி ஏற்றிவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது தானாகவே வழக்கத்தைவிடச் சூடான இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது. நமக்குக் காய்ச்சல் வருகிறதே, அதுபோல அது நடந்துபோய்க் காய்ச்சலை வரவழைத்துக்கொள்கிறது. சூடு கிடைத்தவை அதிகமாகப் பிழைத்தன, குளிரில் வைக்கப்பட்டவை அதிகமாகச் செத்தன என்று மாத்தியூ க்ளூகர் குழுவினர் 1975-இல் எழுதினார்கள். நோயாளிக்குக்கூட எவ்வளவு சூடு வேண்டும் என்பது அதற்கே தெரிந்திருக்கிறது. நாம் செய்யவேண்டியது, சூட்டையும் குளிர்ச்சியையும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. பெட்டியைப் பிரித்து மாட்டும்போது நானும் பேரனும் இதை மட்டும்தான் மனதில் வைத்துக்கொண்டோம்.

முதலில் சூடு. நடுவில் இருந்த பல்பைக் கழற்றி வலது ஓரத்துக்குக் கொண்டுபோனோம். பழைய பல்புக்குப் பதிலாக 100 வாட் ஹாலஜன் பல்பு. வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் ஹீட்டரும் கடையில் இருந்தது. பகலுக்கு ஹாலஜன்தான் நல்லது. சூரியனைப்போல வெளிச்சமும் சூடும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. அதன் அகச்சிவப்புக் கதிர் தோலுக்குக் கீழேயும் இறங்கிச் சூடாக்குகிறது. பல்பைச் சுற்றி ஒரு கம்பிக்கூடு. இல்லாவிட்டால் ராசா தாவி ஏறி வெந்துபோகும். பல்புக்கு நேர் கீழே ஒரு தட்டையான கருங்கல் பலகை. கல்லுக்குள்ளேயே ஹீட்டர் வைத்த செயற்கைப் பாறையும் விற்கிறார்கள். அது வேண்டாம், வயிறு வெந்துபோன பிராணிகள் நிறையப் பேரிடம் வந்திருக்கின்றன என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார்.

தெர்மோஸ்டாட்டில் மூன்று ஜாதி. சூடு வந்ததும் அணைத்து, குறைந்ததும் போடுகிற சாதாரணம் ஒன்று. அது தரைக்கு வைக்கிற ஹீட்டிங் மேட்டுக்குச் சரி. விட்டு விட்டு மின்சாரம் அனுப்புவது இரண்டாவது. அது பீங்கான் ஹீட்டருக்கு. வெளிச்சம் தருகிற பல்புக்கு, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி மெதுவாகக் குறைத்துக் கூட்டுகிற டிம்மர் வகைதான் வேண்டும். முதல் வகையைப் பல்புக்குப் போட்டால் நாள் முழுக்க அணைந்து அணைந்து எரியும். பிராணிக்கும் எரிச்சல், இழையும் சீக்கிரம் போய்விடும். பல்பு வாட் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரொம்பப் பெரிய பல்பைப் போட்டால் தெர்மோஸ்டாட் அதை எப்போதும் மங்கலாகவே எரியவிடும். சூடு இருக்கும், பகல்போல வெளிச்சம் இருக்காது. முக்கால்வாசிக்கு மேல் பிரகாசமாக எரிந்தாலே தேவையான சூடு வருகிற பல்புதான் சரியான பல்பு.

பெட்டிச் சுவரில் ஒட்டுகிற வட்டத் தெர்மாமீட்டரை நம்பவேண்டாம். அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். கல்லின் மேல்பரப்பு எவ்வளவு என்று தெரியவேண்டும். அதற்குத் துப்பாக்கி மாதிரி குறிவைத்து அளக்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டோம். மில்லில் பேரிங் சூடு பார்ப்போமே, அதே கருவிதான். கல்லின் மேல் 40 முதல் 42 டிகிரி. இடது ஓரத்து நிழலில் 24, 25. நடுவில் படிப்படியாக இறங்கவேண்டும். இரண்டு நாள் பல்பை ஏற்றி இறக்கி, கல்லை அங்குலம் அங்குலமாக நகர்த்தி அதைப் பிடித்தோம். பேரன் ஒரு நோட்டில் கட்டம் போட்டு, காலை, மதியம், மாலை என்று ஐந்து இடத்தின் சூட்டையும் எழுதிவைத்தான். மில் லாக் புக் தோற்றுவிடும்.

ராத்திரிக்கு என்ன செய்வது என்று மருமகளுக்குக் கவலை. "மாமா, ராத்திரி வீடு 17, 18-க்கு இறங்கிடுமே, குளிராதுங்களா?" என்றாள். குளிரட்டும். பாலைவனத்திலும் ராத்திரி குளிரத்தான் செய்யும். வீடு 15-க்குக் கீழே இறங்காதவரை தனியாக ஹீட்டர் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ராத்திரிக்கென்று சிவப்பு பல்பு விற்கிறார்கள், அதுவும் வேண்டாம். ராத்திரி என்றால் இருட்டாக இருக்கவேண்டும். தூக்கம் எல்லா உயிருக்கும் ஒன்றுதானே.

அடுத்தது வெளிச்சம். இதில்தான் ராசாவின் எலும்பு போய்க்கொண்டிருந்தது. பழைய யு.வி டியூப் பளிச்சென்று எரிந்தது. நம் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் இந்த டியூப்களில் வெளிச்சம் இருக்கும்போதே யு.வி.பி மட்டும் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். போதாக்குறைக்கு நடுவில் கம்பிவலை. வலையே மூன்றில் ஒரு பங்கு கதிரை விழுங்கிவிடும். ஜன்னல் ஓரம் வைத்து வெயில் காட்டலாமே என்று என் மனைவி கேட்டாள். ஜன்னல் கண்ணாடி யு.வி.பி-யை உள்ளேயே விடாது. சூடு வரும், வெளிச்சம் வரும், எலும்புக்கு வேண்டியது மட்டும் வராது.

ஊர்வன விற்கும் கடையில் யு.வி அளக்கிற மீட்டரை ஒரு நாள் வாடகைக்குத் தந்தார்கள். பழைய டியூபின் கீழே, ராசா படுக்கிற இடத்தில் பிடித்தால் 0.3 என்றது. நம் ஊரில் சித்திரை மதியத்தில் அந்த எண் 11-ஐத் தாண்டும். இந்தப் பிராணி படுத்து வெயில் காயும் இடத்தில் 4 பக்கம் இருந்தால் போதும். மதிய வெயில் உச்சத்தில் அதுவும் நம்மைப்போல நிழலுக்குப் போய்விடுகிறதுதானே. டி5 வகையில், 12 சதவீதம் என்று போட்ட 39 வாட் டியூப் ஒன்றை, பின்னால் பளபளப்பான ரிஃப்ளெக்டர் வைத்து, வலைக்கு உள்பக்கம் மாட்டினோம். படுக்கிற கல்லுக்கு மேலே 13 அங்குல உயரம். மீட்டர் 4 என்றது. பேரன் கைதட்டினான்.

டியூபை எந்தப் பக்கம் மாட்டவேண்டும் என்பது முக்கியம். சூடு பல்பு இருக்கிற பக்கமேதான். இயற்கையில் சூடும் யு.வி-யும் ஒரே வானத்திலிருந்து வருகின்றன. பிராணி சூட்டைத் தேடித்தான் போகும், யு.வி-யைத் தேடிக்கொண்டு போக அதற்குத் தெரியாமல் போகலாம். டியூப் 34 அங்குலம், பெட்டி 48 அங்குலம்; அதனால் இடது கோடி நிழலாகவே இருந்துவிட்டது. அங்கே ஒரு மரப்பட்டைக் குகை. எல்லாம் மேலிருந்துதான் வரவேண்டும், பக்கவாட்டில் இருந்தால் கண்ணைக் கெடுக்கும். இந்தப் பிராணியின் உச்சந்தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. பார்க்காது, ஆனால் வெளிச்சத்தை உணரும். மூன்றாவது கண் என்றே சொல்கிறார்கள். பேரன் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினான். "தாத்தா, நெத்திக்கண்!" என்றான். அவனுக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்ததே எனக்குச் சந்தோஷம்.

டியூபை 12 மாதத்துக்கு ஒருமுறை, எரிந்தாலும் எரியாவிட்டாலும் மாற்றவேண்டும். மாட்டிய தேதியைப் பேனாவால் டியூப் மேலேயே எழுதிவைத்தோம். காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை டைமர்.

இந்த வேலை நடக்கும்போதுதான் மருமகளின் மாத்திரைப் பெட்டியில் வைட்டமின் டி இருப்பதைக் கவனித்தேன். அந்த நாட்டில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயிலில் நின்றாலும் தோலில் டி உண்டாகாது. அவ்வளவு சாய்வாகச் சூரியன் போகிறது. குளிர்காலத்தில் எல்லோருமே தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளலாம், நம்மைப்போலக் கறுத்த தோல்காரர்கள் வருடம் முழுக்க எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கமே சொல்கிறது. ஒருகாலத்தில் புகை மூடிய ஆலை நகரங்களில் ஏழைக் குழந்தைகளுக்குக் கால் வளைந்துபோகிற ரிக்கெட்ஸ் நோய் சர்வசாதாரணம். 1919-இல் பெர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி என்ற மருத்துவர், பாதரச விளக்கின் யு.வி வெளிச்சத்தைக் காட்டியே ரிக்கெட்ஸ் குழந்தைகளைக் குணமாக்கிக் காட்டினார். பிறகு 1960-களில் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து பிரிட்டனுக்குப் போன குடும்பங்களின் குழந்தைகளுக்கு அதே நோய் மறுபடி வந்தது. ராசாவுக்கு வந்ததும் கிட்டத்தட்ட அதுதான். வெயிலை விட்டு வந்த உடம்பு எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு.

கடைசியாகக் காற்று. இது என் சொந்தத் தொழில். டேப்பை உரித்ததும் பேரன் பயந்தான்: "சூடு எல்லாம் போயிடுமே தாத்தா?" போகும்தான். இரண்டு டிகிரி குறைந்தது; தெர்மோஸ்டாட் பல்பைக் கொஞ்சம் தூண்டிவிட்டுச் சரிசெய்துகொண்டது. பெட்டி செய்தவர் விவரமானவர். இரண்டு துவாரத்தைக் குளிர்ந்த பக்கம் கீழேயும், இரண்டைச் சூடான பக்கம் மேலேயும் வைத்திருந்தார். சூடான காற்று இலேசாகி மேல் துவாரம் வழியாக வெளியே போகும். அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழ்த் துவாரத்தில் நுழையும். ஃபேன் வேண்டாம், மோட்டார் வேண்டாம். பல்பே ஃபேன்.

பேரனுக்கு இதைக் கண்ணால் காட்டவேண்டுமே. மருந்துப் பெட்டியில் இருந்த பஞ்சிலிருந்து ஒரு மெல்லிய இழையைப் பிரித்துக் கீழ்த் துவாரத்தின் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். இழை உள்ளே சாய்ந்தது. மேல் துவாரத்தில் பிடித்தான், வெளியே சாய்ந்தது. மில்லில் டக்ட் ஓரம் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க நாங்கள் நூல் துண்டைத்தான் பிடிப்போம். மான்செஸ்டரில் பஞ்சு இழை பிடித்துக் காற்றோட்டம் பார்த்த கடைசி ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஈரப்பதம் அதுவரை 65 சதவீதம் இருந்தது. நூற்பாலைக்கு அது கொஞ்சம் அதிகம், தறி ஓட்டுகிற இடத்துக்குக் குறைவு. ராசாவுக்கு 30, 40-தான் வேண்டும். ஈரக்காற்றிலேயே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும். தண்ணீர்க் கிண்ணம் பல்புக்குக் கீழே இருந்ததால் நாள் முழுக்க ஆவியாகிக்கொண்டிருந்தது. அதை இடது பக்கம் மாற்றினோம். துவாரமும் திறந்தது. வெளியிலிருந்து வருகிற 18, 20 டிகிரிக் காற்று உள்ளே போய் 30-க்குச் சூடாகும்போது, அதே ஈரம் இருந்தாலும் சதவீதம் தானாகவே இறங்கும். சூடான காற்றுக்குக் கொள்ளளவு அதிகம். மில்லில் காலமெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சி ஏற்றியதை, இங்கே சும்மா இருந்தே இறக்கினேன். மூன்றாம் நாள் 38. கண்ணாடியில் பனி இல்லை.

எல்லாம் மாட்டி ராசாவை உள்ளே விட்டோம். முதல் நாள் குகைக்குள் போனது, வரவே இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வான். நாலாம் நாள் காலையில் நான் காபியோடு போய் நின்றபோது, கல்லின் மேல் ஏறித் தட்டையாகப் படுத்திருந்தது. உடம்பு கறுப்பாக இருந்தது. குளிர்ந்திருக்கும்போது சூட்டை அதிகமாக இழுத்துக்கொள்ள அப்படிக் கறுக்கும். அரைமணி கழித்துப் பார்த்தால் மணல் நிறம். இன்னும் கொஞ்ச நேரத்தில் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டது. போதும் என்று அர்த்தம். எழுந்தது, நடுப்பெட்டிக்கு நகர்ந்து ஒரு கட்டைமேல் உட்கார்ந்தது. மதியம் குகை. மூன்று மணிக்கு மறுபடி கல். எங்கள் ஊர்த் தொட்டிக்கட்டு வீட்டில் என் பாட்டி காலையில் வாசல், மதியம் உள்கட்டு, சாயங்காலம் திண்ணை என்று பொழுதோடு இடம் மாறிக்கொண்டே இருப்பார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஏழாம் நாள் கீரை தின்றது. ஸ்பினாச் கொடுக்கக் கூடாது, அது கால்சியத்தைக் கட்டிப்போடும் என்பதால் வேறு கீரைகள். பத்தாம் நாள் உயிருள்ள வெட்டுக்கிளி. கால்சியம் பொடியில் புரட்டிப் போடவேண்டும். வெட்டுக்கிளி டப்பா சமையலறைக்குள் வரக் கூடாது என்று என் மனைவி சட்டம் போட்டாள். ஆனால் ராசா முதல் வெட்டுக்கிளியை நாக்கால் இழுத்தபோது, "சாப்பிட்டிருச்சுங்க!" என்று முதலில் கூவியது அவள்தான்.

ஆறு வாரம் கழித்து மருத்துவர் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு வெளுத்திருந்தது தெளிந்து வருகிறது என்றார். கால் துடிப்பு நின்றிருந்தது. தாடை கெட்டியாக இருந்தது. இடது பின்னங்காலில் ஒரு விரல் மட்டும் கோணியது கோணியதுதான், அது நிமிராது. நடையில் அந்தக் கால் கொஞ்சம் இழுக்கும். "இதோடு பல வருடம் வாழும்" என்றார். காரில் திரும்பி வரும்போது பேரன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தான். ஆறு வாரமும் அவன் எவ்வளவு பயந்திருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரத்தில் மருமகள் ஒன்று செய்தாள். வீட்டு ஹீட்டிங் முழுக்க மகனின் போனில் இருக்கிறது. எங்களுக்குக் குளிருமே என்று அவன் 23-இல் வைத்திருப்பான். எங்கள் அறை ரேடியேட்டரில் 1 முதல் 5 வரை எண் போட்ட குமிழ் ஒன்று உண்டு. "மாமா, இதை உங்களுக்கு வேணுங்கற மாதிரி திருப்பிக்கங்க. அத்தைக்குக் குளுந்தா அஞ்சு வைக்கட்டும், உங்களுக்குப் புழுக்கமா இருந்தா ஹால்ல வந்து உக்காருங்க" என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை. லாக் புக்கை அவளும் படித்திருக்கிறாள்போல.

செலவு கேட்பீர்கள். பல்பு 100, டியூப் 39, ஆக 139 வாட். தினம் 12 மணி நேரம் என்றால் அதிகபட்சம் ஒன்றேமுக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே யூனிட் சுமார் 25 பென்ஸ். மாதம் 12, 13 பவுண்டு. நம் ஊர்க் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அரசாங்கம் நமக்கு இலவசமாகத் தருவதை அப்படியே ஓர் ஓணான் தின்றுவிடும்!

இதைப் படித்துவிட்டு யாரும் இங்கே உடும்பையோ பச்சோந்தியையோ பிடித்துப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். உடும்பு முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. தவிர, நம் ஊர் ஓணானுக்கு வேலியும் வெயிலும் சும்மாவே கிடைக்கின்றன. ஆனால் நம்மில் பலருடைய பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். போகிற இடத்தில் இப்படி ஒரு பெட்டியைப் பார்த்தால், பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்து, அந்தக் கோடியில் ஒருமுறையும் இந்தக் கோடியில் ஒருமுறையும் கையை நீட்டிப் பாருங்கள். இரண்டு இடமும் ஒரே சூடாக இருந்தால் சொல்லிவிடுங்கள். டியூப் மாட்டிய தேதியையும் மறக்காமல் கேளுங்கள்.